பல்லின் வேருக்குள் வழி காட்டிய ஜி.என். இராமச்சந்திரன்

கடந்த செமஸ்டர் விடுமுறையில் ரிங்லெட்டில் உள்ள வீட்டுக்குப் போனபோது பாட்டி கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல். அதற்கு ஏற்கெனவே வேர்ச் சிகிச்சை, அதாவது நாம் பேச்சில் ரூட் கெனால் என்று சொல்வது, செய்தாகிவிட்டது. ஆனால் சில மாதங்களில் வலி திரும்பிவிட்டது. மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்தவர் பாட்டி. சின்ன வலிக்கெல்லாம் வாய் திறக்க மாட்டார். அவரே பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

பிடுங்குவதற்கு முன் முப்பரிமாண ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று பல் மருத்துவர் ஒருவர் ஈப்போவுக்கு அனுப்பினார். நான்தான் துணைக்குப் போனேன். இயந்திரத்தின் கை பாட்டியின் தலையை ஒரு முறை சுற்றி வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கணினித் திரையில் பல்லைக் குறுக்கே அறுத்து வைத்தது போன்ற படம் வந்தது. முன்பு அடைக்கப்பட்ட மூன்று வேர்க்கால்வாய்களும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றை ஒட்டி, யாரும் தொடாத நான்காவது கால்வாய் சிறு கருப்புப் புள்ளியாக இருந்தது. வலியின் இருப்பிடம் அதுதான்.

பல்லை அறுக்காமல் அறுத்தது போல் எப்படிக் காட்ட முடிந்தது? விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபின் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். பதில் என் பாடக்குறிப்பிலேயே இருந்தது. படச் செயலாக்கப் பாடத்தில் ராம்-லாக் வடிகட்டி என்ற பெயரைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். ராம் என்பது இராமச்சந்திரன், லாக் என்பது லட்சுமிநாராயணன். இருவரும் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய அறிவியலாளர்கள். அவர்களில் மூத்தவரான ஜி.என். இராமச்சந்திரனின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் பல் மருத்துவர் அல்லர். ஆனால் அவருடைய இரண்டு பெரிய சாதனைகளும் நம் ஒவ்வொரு பல்லுக்குள்ளும் வந்து சந்திக்கின்றன.

ஒரே படம் ஏன் போதாது?

முதலில் பல்லைப் பார்ப்போம். வெளியே எனாமல் என்னும் கடினமான ஓடு. அதன் கீழே டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். இந்தப் பற்கூழ் வேர்களுக்குள் மெல்லிய கால்வாய்களாக இறங்கி வேர்நுனி வரை போகிறது. சொத்தை பற்கூழை எட்டிவிட்டால், மருத்துவர் அதை முழுவதும் எடுத்து, கால்வாய்களைச் சுத்தம் செய்து, அடைத்து மூட வேண்டும். ஒரே ஒரு கால்வாய் விடுபட்டாலும் கிருமிகள் அதில் தங்கிவிடும்.

விடுபடுவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் அல்ல. சாதாரண எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். ரிங்லெட்டிலிருந்து ஹாபு போகும் ஏரிக்கரைச் சாலையில் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் இரண்டு விளக்குக் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரே கம்பமாகத் தெரியும். நான்கு அடி தள்ளி நின்றால் இரண்டாகப் பிரியும். பல்லிலும் அப்படித்தான். முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு கால்வாய்கள் எக்ஸ்ரே படத்தில் ஒரே கோடாக விழுந்துவிடும்.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஓட்டோ வால்காஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர், 25 நிமிடம் கதிருக்கு முன் அசையாமல் இருந்து, தம் பற்களையே படம் எடுத்துவிட்டார். கதிரின் ஆபத்து அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படமும் நிழல்தான். ஆகவே கால்வாய்களின் உண்மையான அமைப்பைத் தெரிந்துகொள்ள, பிடுங்கிய பற்களையே ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் கால்வாய்களுக்குள் ரப்பரை நிரப்பி, பிறகு பல்லைக் கரைத்துவிட்டு, எஞ்சிய ரப்பர் வடிவத்தைப் பார்த்தார். அமெரிக்காவின் ஃபிராங்க் வெர்டூச்சி 2,400 பற்களைக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவச் செய்து, உள்ளே சாயம் ஏற்றி, கால்வாய் அமைப்புகளை 8 வகையாகப் பிரித்து 1984இல் வெளியிட்டார். இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்த 8 வகைகளைத்தான். இவை அருமையான ஆய்வுகள். ஆனால் வாய்க்குள் உயிரோடு இருக்கும் பல்லுக்கு இந்த முறைகள் உதவா. அதற்கு நிழல்களிலிருந்து முழு வடிவத்தை மீட்கும் வழி வேண்டும். இராமச்சந்திரன் தம் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையே அதுதான்.

எர்ணாகுளத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் நாள் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தாயார் லட்சுமி அம்மாள். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னர் அதன் முதல்வரானவர். கணிதம் அந்த வீட்டில் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது என்றே சொல்லலாம்.

பள்ளிப்படிப்பும் இடைநிலைப் படிப்பும் எர்ணாகுளத்தில் முடிந்தன. பிறகு திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றார். அந்தக் காலத்தில் இவ்வளவு நன்றாகப் படிக்கும் பிள்ளை அரசாங்க உயர்பதவிக்குப் போக வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம். இவருடைய நாட்டம் அறிவியலில் இருந்தது.

1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்த துறை மின்பொறியியல். அங்கே இயற்பியல் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் நோபல் பரிசு பெற்ற சி.வி. இராமன். விரைவிலேயே இராமச்சந்திரன் துறை மாறி அவருடைய மாணவரானார். வைரம் போன்ற படிகங்களுக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்தி, வெளியே வரும் வடிவங்களிலிருந்து உள்ளே அணுக்கள் எப்படி இருக்கின்றன, எங்கே குறை இருக்கிறது என்று கண்டறிவது அவருடைய ஆராய்ச்சி. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்று, அதே ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே வூஸ்டர் என்பவரின் வழிகாட்டலில் ஆராய்ந்து 1949இல் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். அந்த நாட்களில் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. உயிருள்ள பொருள்களின் மூலக்கூறுகளையும் படிகங்களைப் போலவே எக்ஸ்ரே கொண்டு ஆராயலாம் என்ற எண்ணம் விதையாக விழுந்தது.

கிண்டியில் ஒரு கேள்வி

இந்தியா திரும்பி பெங்களூரில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நடத்தத் தகுந்தவரைத் தேடினார். இராமன் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 30 வயதுகூட நிறையாத நிலையில் இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டி வளாகத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த வசதிகளில் பாதிகூட இங்கே கிடையாது. ஒரு எக்ஸ்ரே ஆய்வகத்தை அவர் புதிதாக அமைத்தார்.

எதை ஆராய்வது? அந்த ஆண்டு சென்னைக்கு வந்த இங்கிலாந்து அறிவியலாளர் ஜே.டி. பெர்னால் பேச்சுவாக்கில் ஒரு கேள்வியை எழுப்பினார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அந்தப் புரதம்தான். இராமச்சந்திரன் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு வாய்ப்பாக, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்டையிலேயே இருந்தது. தோல் என்றால் கொலாஜன். அங்கிருந்து மாதிரிகள் கிடைத்தன. அவற்றுள் நல்ல எக்ஸ்ரே படம் தந்தது கங்காருவின் வால் தசைநாண்! உடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அவரும் படங்களில் தெரிந்த மங்கலான புள்ளிகளையும் வளைவுகளையும் அளந்தார்கள். பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு மாதிரி வடிவங்களைக் கட்டினார்கள், கலைத்தார்கள், மறுபடி கட்டினார்கள். கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம் என்பது தெரிந்த செய்தி. கிளைசின்தான் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அப்படியானால் மூன்று இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஒவ்வொரு இழையிலும் மூன்றாவதாக வரும் கிளைசின் நடுவில் உள்ள குறுகிய இடத்தில் அடங்கிக்கொள்ள வேண்டும். தலைமுடியை மூன்று கால் எடுத்துப் பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1954இல் நேச்சர் இதழில் கொலாஜனின் மூவிழை அமைப்பை அவர்கள் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து கயிறு போல் முறுக்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள்.

இங்கேதான் பல் முதன்முறையாகக் கதைக்குள் வருகிறது. டென்டினின் எடையில் சுமார் 70 விழுக்காடு தாது உப்பு. சுமார் 20 விழுக்காடு உயிர்ப்பொருள். அந்த உயிர்ப்பொருளில் பெரும்பங்கு கொலாஜன். கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சுற்றி சிமெண்டு இறுகுவது போல, கொலாஜன் இழைகளைச் சுற்றித் தாது இறுகியே டென்டின் உருவாகிறது. வேர்க்கால்வாயின் சுவர் முழுவதும் இந்த டென்டின்தான். கிண்டியில் கண்டறியப்பட்ட அந்த மூவிழைக் கயிறு உங்கள் ஒவ்வொரு பல்லிலும் இருக்கிறது.

தோல்வியில் பிறந்த வரைபடம்

வெற்றி உடனே ஒப்புக்கொள்ளப்படவில்லை. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும் அவருடன் பணியாற்றிய அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனுக்கு வேறொரு மாதிரியை முன்வைத்தார்கள். மூவிழை என்பது சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. உலகப் புகழ் பெற்றவர்களோடு மோத வேண்டிய நிலை. நாமாக இருந்தால் மனம் உடைந்திருப்போம், அல்லது கோபத்தில் பதில் எழுதியிருப்போம்.

இராமச்சந்திரன் அந்தக் குற்றச்சாட்டையே ஒரு புதிய கேள்வியாக மாற்றினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எவ்வளவு நெருங்கக் கூடாது? அதுவரை அமைப்பு தெரிந்த படிகங்களையெல்லாம் தேடி எடுத்து, அணுக்களுக்கு இடையே உள்ள குறைந்தபட்ச தூரங்களைத் தம் மாணவர்களோடு பட்டியலிட்டார். பிறகு புரத இழையின் ஒவ்வொரு கணுவிலும் வரக்கூடிய இரண்டு திருப்பக் கோணங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் பெயர் ஃபை, மற்றொன்றின் பெயர் சை. எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றன, எவற்றில் இடிக்காமல் இருக்கின்றன என்று கணக்கிட்டு ஒரு சதுரத்தில் குறித்தார். சதுரத்தின் பெரும்பகுதி புரதத்துக்குத் தடை செய்யப்பட்ட இடம் என்று தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட இடங்கள் சில தீவுகளே.

சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட இந்தப் படம்தான் இராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க முதலில் இந்த வரைபடத்தோடு ஒப்பிடுகிறார்கள். உயிர்வேதியியல் பாடநூல்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், அல்லது இனிமேல் பார்ப்பீர்கள். எதிர்ப்பு ஒன்று வராமல் இருந்திருந்தால் இந்த வரைபடம் பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

நான்கு பெட்டிக் கணக்கு

முதலியார் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்துவிட்டு 1969இல் விலகினார். இராமச்சந்திரனும் சிறிது காலத்தில் சென்னையை விட்டுக் கிளம்பினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இடையில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அந்தக் காலத்தில் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஒரு கணிதச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். பல திசைகளிலிருந்து எடுத்த நிழல் படங்கள் கையில் இருந்தால், அவற்றிலிருந்து பொருளின் உள்வடிவத்தை எப்படி மீட்பது?

சிக்கல் என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தாளில் நான்கு பெட்டிகள் வரையுங்கள். மேல்வரிசையில் இரண்டு, கீழ்வரிசையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. எக்ஸ்ரே செய்வது, ஒரு கோட்டில் உள்ள எண்களைக் கூட்டிச் சொல்வது மட்டுமே. மேல்வரிசையின் கூட்டல் 5, கீழ்வரிசையின் கூட்டல் 9. இடது நிரல் 7, வலது நிரல் 7. எண்கள் என்ன? மேலே 1, 4. கீழே 6, 3 என்று சொல்லலாம். மேலே 2, 3. கீழே 5, 4 என்றாலும் சரியாகத்தான் வரும். இரண்டு திசையிலிருந்து பார்த்தும் உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது இடது மேல்மூலையையும் வலது கீழ்மூலையையும் இணைக்கும் சாய்வுக் கோட்டின் கூட்டல் 4 என்று தெரிந்தால்? முதல் விடை மட்டுமே பொருந்தும். பாட்டியின் பல்லில் மறைந்திருந்த கால்வாயும் இப்படித்தான். கூடுதல் திசைகள் கிடைத்தபோது அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

எல்லாத் திசைகளிலிருந்தும் நிழல்கள் தெரிந்தால் உள்வடிவத்தை மீட்க முடியும் என்று 1917இலேயே ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் நிரூபித்திருந்தார். ஆனால் முடியும் என்பது வேறு, நடைமுறையில் கணக்கிடுவது வேறு. எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசுவது. எல்லாப் பூச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பொருள் இருந்த இடம் அடர்த்தியாகத் தெரியும். ஆனால் அதைச் சுற்றிலும் கேமரன் மலை மூடுபனி போல ஒரு மங்கல் படர்ந்துவிடும். மங்கலைப் போக்க ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் அக்காலக் கணினிகளுக்கு அது பெரும் சுமை.

இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் வேறு வழி காட்டினார்கள். ஃபூரியர் மாற்றத்துக்குப் போகவே வேண்டாம். நிழலைத் திரும்பப் பூசுவதற்கு முன்பே, அதன் ஒவ்வோர் அளவையும் அக்கம்பக்கத்து அளவுகளைக் கொண்டு திருத்திவிட்டால் போதும். திருத்தும் எடைகள் இவை: தன் இடத்துக்கு 1/4. இரண்டு, நான்கு என இரட்டைப்படை தூரத்தில் உள்ள அண்டைகளுக்கு 0. ஒன்று, மூன்று என ஒற்றைப்படை தூரத்தில் உள்ளவற்றுக்கு, 1ஐ பை வர்க்கத்தாலும் அந்தத் தூரத்தின் வர்க்கத்தாலும் வகுத்து வரும் எண். அதற்கு முன்னால் கழித்தல் குறி. அதாவது பக்கத்து வீட்டுக்குச் சுமார் 0.1 கழிக்கப்படும், மூன்றாவது வீட்டுக்கு 0.01 அளவே. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். திருத்திய நிழல்களைப் பூசும்போது மங்கல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கணக்கு விரைவாகவும் முடிகிறது, படமும் தெளிவாக வருகிறது. 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் இந்தக் கட்டுரை வெளிவந்தது. நான் பாடக்குறிப்பில் எழுதிய ராம்-லாக் வடிகட்டி இதுதான்.

பெருமையும் உண்மையும்

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனின் ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை ஸ்கேன் செய்தது. சி.டி. ஸ்கேன் பிறந்தது. இதற்காக 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணித அடிப்படையை 1960களில் ஆராய்ந்த ஆலன் கோர்மாக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இராமச்சந்திரனின் பெயர் அதில் இல்லை.

நம்மவர் ஒருவருக்கு அநீதி நடந்துவிட்டது என்று சமூக ஊடகங்களில் சிலர் எழுதுகிறார்கள். சி.டி. ஸ்கேனையே கண்டுபிடித்தவர் இராமச்சந்திரன் என்றும் பகிர்கிறார்கள். மாணவர்களாகிய நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி ராம்-லாக் முறையைப் பயன்படுத்தவில்லை. அதன் கணக்கீடு வேறு வகை. ரேடியோ வானியலில் ரொனால்ட் பிரேஸ்வெல் என்பவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1967இலேயே இதே போன்ற முறையைக் கண்டிருந்தார்கள். இவை உண்மை. அடுத்து வந்த ஆண்டுகளில் சி.டி. கருவிகள் நிழலைத் திருத்திப் பூசும் இந்த முறைக்கே மாறின, பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதிலேயே இயங்கின என்பதும் உண்மை. அந்தப் பெருமையே போதுமானது. மிகைப்படுத்திச் சொன்னால், இருக்கும் பெருமையையும் பிறர் நம்பாமல் போய்விடுவார்கள்.

மூளையிலிருந்து பல்லுக்கு

பழைய சி.டி. கருவிகள் பல்லுக்குப் பயன்படவில்லை. அவை எடுத்த ஒவ்வொரு வெட்டுப் படமும் மில்லிமீட்டர் கணக்கில் தடிமனானது. வேர்க்கால்வாயோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி. கதிர்வீச்சும் அதிகம். 1984இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் ஒரு வழி கண்டார்கள். தட்டையான கதிருக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் கதிர். ஒரே சுற்றில் முழுப் பொருளின் நிழல்களும் கிடைத்துவிடும். அந்த நிழல்களைத் திருத்தித் திரும்பப் பூசும் கணக்கு, இராமச்சந்திரன் குழு காட்டிய வழியின் நீட்சிதான். 1990களின் இறுதியில் இந்தக் கூம்புக்கதிர் சி.டி. கருவி பல் மருத்துவத்துக்கு வந்தது. ஈப்போவில் பாட்டியின் தலையைச் சுற்றியது அதன் வாரிசு.

பிடுங்கிய பற்களை இன்னும் நுணுக்கமாக ஆராய மைக்ரோ சி.டி. என்ற கருவியும் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள பிளவையும் அது காட்டும். இவற்றின் உதவியால் வேர்க்கால்வாய்களைப் பற்றிய பழைய பாடங்கள் திருத்தி எழுதப்பட்டு வருகின்றன. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று கால்வாய்கள் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று பல நாட்டு ஆய்வுகளில், அந்தப் பற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நான்காவது கால்வாய் தென்படுகிறது. பாட்டியுடையது அபூர்வமான பல் அல்ல. 2010இல் சென்னையில் உள்ள பல் மருத்துவ ஆய்வாளர்கள், சாயம் ஏற்றிப் பார்க்கும் பழைய முறையோடு கூம்புக்கதிர் சி.டி.யை ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய சமமான துல்லியம் உடையவை என்று காட்டினார்கள். கொலாஜனின் வடிவம் தெரிந்த அதே நகரத்தில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு பல்லின் உள்வழிகள் அளக்கப்பட்டன.

மலேசியர்களாகிய நமக்கு இது இன்னும் முக்கியம். கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் கால்வாய்கள் ஒன்றாக இணைந்து ஆங்கில சி எழுத்தைப் போல் வளைந்திருப்பது சீனர், கொரியர் போன்ற கிழக்காசிய மக்களிடம் அதிகம். இந்திய வம்சாவளியினரிடம் குறைவு. பல இன மக்கள் ஒரே வரிசையில் காத்திருக்கும் நம் நாட்டுப் பல் மருத்துவகங்களில், எல்லாருக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. ஆனால் வலி என்றவுடன் எல்லாரும் இந்த ஸ்கேனைக் கேட்டு வாங்கவும் கூடாது. சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட இதில் கதிர்வீச்சு அதிகம். சாதாரணப் படத்தில் விடை கிடைக்காதபோது மட்டுமே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பார்கள்.

இறுதி ஆண்டுகள்

1961இல் இந்தியாவின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும், 1977இல் லண்டன் அரச கழக உறுப்பினர் சிறப்பும் இராமச்சந்திரனுக்குக் கிடைத்தன. பிற்காலத்தில் அவர் கணிதத்துக்கும் தருக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். இசையிலும் மெய்யியலிலும் ஈடுபாடு கொண்டிருந்தார், கவிதைகளும் எழுதினார். கடைசி ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் அவரை முடக்கின. 1998இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய விருதான எவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் தமது 78ஆம் வயதில் அவர் மறைந்தார்.

என்னைப் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு முக்கியமான சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறது. தோட்டத்துப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் போகும் நம்மில் பலர், உடனே வேலை தரும் பாடம் எது என்று மட்டுமே பார்க்கிறோம். அதில் தவறில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் கங்காருவின் வால் நாணையும் நிழல்களின் கணக்கையும் ஆராய்ந்தவருக்கு, ரிங்லெட்டில் ஒரு முதியவரின் பல்வலிக்கு அது உதவும் என்று எப்படித் தெரிந்திருக்கும்? கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாமல் போனார். பயன் தானாக வந்து சேர்ந்தது.

பாட்டியின் நான்காவது கால்வாய் திறக்கப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, அடைக்கப்பட்டது. பல் அவர் வாயிலேயே இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு முறுக்கு கடித்தார். அவரிடம் இராமச்சந்திரனைப் பற்றிச் சொன்னேன். அவர் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேட்டார். எர்ணாகுளம், திருச்சி, பெங்களூர், சென்னை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, பாட்டி இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் இன்று மாலை அந்த நான்கு பெட்டிக் கணக்கை ஒன்பது பெட்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை திசைகளிலிருந்து பார்த்தால் விடை ஒன்றாகச் சுருங்குகிறது என்று எண்ணுங்கள். காகிதமும் பென்சிலும் போதும்.